காப்பகத்தை மாற்ற வேண்டுமா? பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

நகர விலங்குக் காப்பகத்துக்குள் போய்விட்டு வயிறெரிந்து வெளியே வருகிறவர்கள் முதலில் செய்வது, நாலு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதுதான். எலும்பும் தோலுமாக ஒரு நாய், கண்ணில் சீழோடு ஒரு பூனைக்குட்டி. பார்த்தவர்கள் எல்லாம் கொதிப்பார்கள். இரண்டு நாளில் காப்பக வாசலில் 'படம் எடுக்கக் கூடாது' என்று ஒரு பலகை மாட்டப்படும். பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது.

நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவள். விலங்குகளைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பதிவேட்டைப் படிக்கத் தெரியும் என்பதுதான். எங்கள் சின்னக் குழு ஒரு நகரக் காப்பகத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டிச் சில விஷயங்களை மாற்ற வைத்தது. அதில் கற்றதையும், வேறு ஊர்களில் நடந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வரியில்: "இங்கே ஒரு விலங்கு சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கிறது?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நெரிசல், நோய், சாவு, செலவு எல்லாமே அந்த எண்ணோடு சேர்ந்துதான் ஏறி இறங்குகின்றன.

சாவி யாரிடம்

காப்பகத்தை நடத்துவது யார் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். சில ஊர்களில் மாநகராட்சியின் சுகாதாரத் துறையே நடத்தும். சில இடங்களில் காவல்துறையின் கீழ் வரும். இன்னும் சில இடங்களில் ஒரு அறக்கட்டளை ஒப்பந்தம் எடுத்து நடத்தும். மூன்றுக்கும் போராட்டம் ஒரே மாதிரி இருக்காது. ஒப்பந்தம் என்றால் அந்த ஒப்பந்தப் பத்திரத்தின் நகலை முதலில் வாங்குங்கள். எத்தனை விலங்குகளுக்கு எவ்வளவு பணம், மருத்துவர் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், எப்போது புதுப்பிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு எழுப்பப்படும் கேள்விக்கு இருக்கும் மரியாதை, புதுப்பித்த மறுவாரம் எழுப்பினால் இருக்காது.

அப்புறம், பணத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார், காப்பகப் பொறுப்பாளரை நியமிப்பது யார், விதிகளை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள். மூன்றும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். வாசலில் நிற்கும் ஊழியர் இந்த மூவரில் ஒருவராக இருக்கவே மாட்டார். அவரிடம் கத்துவதால் ஒரு பயனும் இல்லை.

உள்ளே போய்ப் பார்ப்பது

கேமரா இல்லாமல் போங்கள். தொலைந்த பூனையைத் தேடுகிறவராகவோ, தத்தெடுக்க வந்தவராகவோ, தன்னார்வலராகவோ போகலாம். தன்னார்வலராகப் போவதே சிறந்தது. கூண்டு கழுவிக் கொடுத்தவரின் பேச்சுக்கு உள்ளே இருப்பவர்களும் காது கொடுப்பார்கள், பின்னால் நகர்மன்றத்திலும் ஒரு எடை இருக்கும்.

எதைப் பார்ப்பது? பாவமாக இருக்கும் முகங்களை அல்ல, வேலை நடக்கும் விதத்தை. நாய் உள்ளே இருக்கும்போதே கூண்டுக்குள் குழாய்த் தண்ணீர் அடிக்கிறார்களா? நாயை வேறு பக்கம் மாற்றிவிட்டுக் கழுவ வழி இருக்கிறதா? ஒரே துடைப்பமும் ஒரே வாளியும் நோய்ப் பிரிவிலிருந்து குட்டிகள் இருக்கும் பிரிவுக்குப் போகிறதா? நாய்க்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை வரவைத்துக் கொல்லும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண தரைக் கழுவும் திரவங்கள் பல அதை ஒன்றும் செய்யாது. பிளீச் கரைசல் கொல்லும், ஆனால் முதலில் மலமும் அழுக்கும் போகக் கழுவியிருக்க வேண்டும். கரைசல் 10 நிமிடமாவது ஈரமாகத் தரையில் நிற்க வேண்டும். மலத்தின் மேலேயே பிளீச்சை ஊற்றி உடனே தண்ணீர் விட்டுத் தள்ளினால் வாசனைதான் மிச்சம்.

பூனைகளை நாய்களின் குரைப்புக் கேட்காத இடத்தில் வைத்திருக்கிறார்களா, அவை ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பூனைகளில் நிறையப் பேருக்கு ஹெர்பஸ் வைரஸ் உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கும். பயமும் பதற்றமும் வந்தால் எழுந்துகொள்ளும். தும்மலும் கண்ணீருமாக ஒரு பிரிவு முழுக்கக் கிடந்தால் அதற்குக் காரணம் மருந்துப் பற்றாக்குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: வரவேற்பு மேசையில் ஒரு விலங்கு உள்ளே எடுக்கப்படும் அந்தக் கொஞ்ச நேரம். அங்கேயே அப்போதே தடுப்பூசி போடுகிறார்களா, இல்லை "டாக்டர் வரட்டும்" என்று கூண்டில் போட்டுவிடுகிறார்களா? காப்பக மருத்துவர்களுக்கான அமெரிக்கச் சங்கம் 2010-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள், நுழையும்போதே, முடிந்தால் அதற்கு முன்பே, அடிப்படைத் தடுப்பூசிகளைப் போடச் சொல்கின்றன. டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோயும் பார்வோவும் சுற்றும் கட்டடத்தில் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய தாமதம். இந்த வழிகாட்டுதல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பிரதி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கருத்தைவிட மருத்துவர்களே எழுதியதைக் காட்டிப் பேசுவது எளிது.

பதிவேட்டைக் கேட்பது எப்படி

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பதில் தர 30 நாள். தாள்களின் நகல் வாங்குவது மட்டுமல்ல, ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. பிரிட்டனில் 20 வேலை நாள். அமெரிக்காவில் இருப்பவர்கள் கூட்டாட்சி அரசின் தகவல் சட்டத்தைக் காட்டி நகரத்துக்கு மனு எழுதினால் திரும்பி வந்துவிடும். அங்கே அந்தந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம்தான் செல்லும். காப்பகத்தை ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தினால் "நாங்கள் அரசு இல்லை" என்பார்கள். அப்போது, நகர நிர்வாகத்துக்கு அவர்கள் மாதாமாதம் அனுப்பும் அறிக்கைகளையும் பில்களையும் நகர நிர்வாகத்திடமே கேளுங்கள்.

"விலங்குகளின் நிலை பற்றிய தகவல் தரவும்" என்று எழுதாதீர்கள். "நல்ல நிலையில் உள்ளன" என்று பதில் வரும். தொகுத்த அறிக்கையையும் கேட்காதீர்கள். தொகுத்தவருக்கு வேண்டியபடிதான் அது இருக்கும். ஒரு விலங்குக்கு ஒரு வரி என்ற கணக்கில் மூலப் பதிவைக் கேளுங்கள். அடையாள எண், இனம், தோராய வயது, வந்த தேதி, எப்படி வந்தது, எங்கே பிடிபட்டது, தடுப்பூசி போட்ட தேதி, நோய் கண்ட தேதி, வெளியே போன தேதி, எப்படிப் போனது, காப்பகமே கொன்றிருந்தால் காரணம். பெட்பாயிண்ட், ஷெல்டர்லவ் போன்ற மென்பொருள் வைத்திருக்கும் காப்பகத்தில் இதை எக்செல் கோப்பாக எடுப்பது பெரிய வேலை இல்லை. கையெழுத்துப் பதிவேடு என்றால் பார்வையிட அனுமதி வாங்கி, இரண்டு பேர் உட்கார்ந்து எழுதி எடுக்க வேண்டியதுதான். சலிப்பான வேலை. எனக்குப் பிடிக்கும்.

ஒரு முழு ஆண்டின் பதிவைக் கேளுங்கள். பூனைகள் குட்டி போடும் பருவம் ஒன்றை மட்டும் வைத்துப் பேசினால் "அது சீசன் நெருக்கடி" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது வெற்றிடங்களை. வந்த தேதி இருக்கும், போன தேதி இருக்காது. அந்த விலங்கு எங்கே? கூண்டில் இருக்கிறதா, செத்துப்போய் எழுதாமல் விட்டார்களா, யாராவது எடுத்துப் போனார்களா? அடுத்து, நோய் கண்ட தேதியிலிருந்து வந்த தேதியைக் கழியுங்கள். பார்வோ உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட அதிகபட்சம் ஏறத்தாழ இரண்டு வாரம். மூன்றாவது வாரத்தில் நோய் கண்ட நாய் அதை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, காப்பகத்தில்தான் வாங்கியது. "நோயோடு வருகின்றன, நாங்கள் என்ன செய்ய?" என்ற பதிலுக்கு இந்த ஒரு கழித்தல் கணக்கு போதும். சாவுகளையும் அப்படியே பிரியுங்கள். வந்த முதல் நாளில் செத்தவற்றில் பல, அடிபட்டும் நோய்ப்பட்டும் கடைசி நிலையில் வந்தவையாக இருக்கும். பத்து நாளுக்குப் பிறகு செத்தவை வேறு கதை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குற்றம் சாட்டினால் மருத்துவர் உங்களை ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்.

நாள் கணக்கு

இப்போது அந்த முக்கிய எண். ஒரு காப்பகத்துக்குத் தினமும் 10 விலங்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 30 நாள் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 300 இருக்கும். கூண்டுகள் 200 என்றால் நெரிசல். ஒரு கூண்டில் இரண்டு, மூன்று. சண்டை, நோய், கடைசியில் "இடமில்லை" என்று கொலை. அதே காப்பகத்தில் 15 நாளாகக் குறைந்தால் உள்ளே இருப்பது 150. ஒரு செங்கல் வைக்காமல் 50 கூண்டுகள் காலி. வந்த விலங்கின் எண்ணிக்கை மாறவில்லை, வெளியே போகும் எண்ணிக்கையும் மாறவில்லை. காத்திருப்பு மட்டும் பாதியானது.

எனவே, "புதிய பெரிய கட்டடம் வேண்டும்" என்ற கோரிக்கையை நான் கடைசியில்தான் வைப்பேன். கட்டடம் வர ஆண்டுக்கணக்காகும். வந்தாலும், நாள் கணக்கு குறையாவிட்டால் அதுவும் நிரம்பிவிடும்.

நாட்கள் எங்கே போகின்றன என்று ஒரு ஐம்பது விலங்குகளின் தாள்களை எடுத்துப் பின்தொடர்ந்து பாருங்கள். சட்டப்படி உரிமையாளருக்காகக் காத்திருக்க வேண்டிய நாட்கள் ஒரு பங்கு. அதைத் தொட வேண்டாம், தொலைத்தவருக்கு அது தேவை. மீதி எல்லாம் பெரும்பாலும் வெறும் காத்திருப்பு. நாங்கள் பார்த்த காப்பகத்தில் கருத்தடை அறுவைசிகிச்சை வாரத்தில் ஒரே நாள் நடந்தது. ஒரு குடும்பம் நாயைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெயரும் கொடுத்துவிடும். அந்த வார அறுவைசிகிச்சை முடிந்திருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருப்பு. அதற்குள் நாய்க்கு இருமல் வந்தால் இன்னும் இரண்டு வாரம். அதற்குள் அந்தக் குடும்பம் வேறு நாய் வாங்கிவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அட்டவணை அப்படி.

இதற்கு மருந்து, தினமும் ஒரு சுற்று. மருத்துவர், கூண்டுப் பணியாளர், தத்துப் பிரிவு ஆள் மூவரும் ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, "இது இன்று எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேட்டு விடையை எழுதுவது. நான் மேலே சொன்ன வழிகாட்டுதல்களும் இந்தத் தினச் சுற்றை வலியுறுத்துகின்றன. புதுச் செலவு ஏறக்குறைய இல்லை. முதல் கோரிக்கையாக வைக்க இதைவிடத் தோதானது எனக்குத் தெரியாது.

சதவீதத்தில் ஏமாறாதீர்கள்

காப்பகங்கள் 'உயிரோடு வெளியேறிய விகிதம்' என்று ஒன்றைக் காட்டும். வெளியேறிய மொத்தத்தில் எத்தனை பங்கு உயிரோடு போயின என்பது கணக்கு. 90 சதவீதம் என்பதை, கொலையில்லாத காப்பகம் கேட்கும் இயக்கங்கள் எல்லைக்கோடு மாதிரி பேசும். எண் உயர்வது நல்லதுதான். ஆனால் கீழே என்ன எண்ணை வைத்து வகுத்தார்கள் என்று பார்க்காமல் கைதட்ட வேண்டாம். உரிமையாளரே கொல்லச் சொல்லிக் கொடுத்தவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஒரு வழி. கூண்டில் தானாகச் செத்தவற்றை விட்டுவிடுவது இன்னொரு வழி. அமெரிக்கக் காப்பகங்களும் அமைப்புகளும் கூடி 2004-இல் வகுத்த அசிலோமர் உடன்பாடு விலங்குகளை ஆரோக்கியமானவை, சிகிச்சையால் தேறக்கூடியவை, தேறாதவை என்று பிரித்தது. நோக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆனால் எது தேறும், எது தேறாது என்ற முடிவு காப்பகத்தின் கையிலேயே இருந்ததால் வேண்டியபடி வகை மாற்றவும் இடம் இருந்தது. எல்லாவற்றையும்விட எளிய வழி, விலங்குகளை உள்ளே எடுக்கவே மறுப்பது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது எந்த விகிதத்திலும் வராது.

அதனால் நாங்கள் சதவீதத்தைக் கேட்கவில்லை. வந்தது, போனது, செத்தது, கொன்றது, மறுத்தது என்ற ஐந்து முழு எண்களை மாதாமாதம் வெளியிடச் சொன்னோம். வகுத்தல் கணக்கை நாங்களே போட்டுக்கொள்வோம்.

ஒரு கோரிக்கை, மிஞ்சினால் இரண்டு

இருபத்தேழு அம்சக் கோரிக்கை மனு கொடுப்பவர்களுக்கு "பரிசீலிக்கிறோம்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். இருபத்தேழையும் மறுக்க அவர்களுக்கு ஒரு அம்சம் போதும். உங்கள் பதிவேடு எந்த இடத்தில் அதிகம் கசிகிறதோ அதையே கோரிக்கையாக வையுங்கள்.

உரிமையாளர்கள் வந்து மீட்பது குறைவாக இருந்தால், காப்பகம் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் எட்ட முடியாத நேரத்தில் திறந்து மூடினால் யார் வந்து மீட்பது? நாளுக்கு நாள் ஏறும் தங்கல் கட்டணத்தையும் பாருங்கள். நாலு நாள் கழித்து நாயைக் கண்டுபிடித்தவர் கட்டணத்தைக் கேட்டு நாயை விட்டுவிட்டுப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. விட்டுப்போன அந்த நாயை வைத்துப் பராமரிக்க, வராத கட்டணத்தைவிட நகரத்துக்கு அதிகம் செலவாகும். முதல் முறை மீட்பவருக்குக் கட்டணத் தள்ளுபடி, மாலையிலும் விடுமுறை நாளிலும் சில மணி நேரம் திறப்பு: இரண்டையும் ஒரு சுற்றறிக்கையில் முடிக்கலாம். உரிமையாளரை அடையாளம் காண விலங்கின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் பற்றி ஒரு சொல்: பழைய சிப்கள் சில வேறு அலைவரிசையில் இருக்கும். எல்லா வகையையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பிடிக்கும்போது ஒரு முறை, உள்ளே எடுக்கும்போது ஒரு முறை, கொல்வதற்கு முன் கட்டாயம் ஒரு முறை பார்க்க வேண்டும். சிப் தோலுக்கடியில் நகர்ந்து தோள்பட்டைக்குப் போயிருப்பதும் உண்டு.

தத்து குறைவு என்றால் படிவங்களைப் படித்துப் பாருங்கள். வீட்டு வேலியின் உயரம் வரை கேட்கும் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். "இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது" என்ற பயம் பரவலாக உண்டு. கட்டணமில்லாமல் பூனை எடுத்தவர்களின் பற்று, கட்டணம் கொடுத்து எடுத்தவர்களுடையதைவிடக் குறையவில்லை என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

பால்குடி மறக்காத குட்டிகள் செத்துக்கொண்டிருந்தால், வீடுகளில் வைத்து வளர்த்துத் தரும் தற்காலிகப் பராமரிப்புத் திட்டம். காட்டுத்தனமான பூனைகள் கொல்லப்பட்டால், கருத்தடை செய்து காது நுனியில் அடையாளமிட்டுப் பிடித்த இடத்திலேயே விடும் திட்டம். புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம் 2008-இலும் கலிபோர்னியாவின் சான் ஹோசே 2010-இலும் காப்பகத்துக்கு வரும் பூனைகளுக்கே இதைத் தொடங்கின. தெருநாய் கருத்தடை மையம்தான் உங்கள் ஊரின் 'காப்பகம்' என்றால் கேள்விகளும் வேறு: அறுவைசிகிச்சைக்குப் பின் எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், தையல் பிரிந்தவை எத்தனை, திரும்பவும் விட்ட இடம் பிடித்த இடம்தானா, அதற்குப் பதிவு உண்டா.

யாரைச் சேர்ப்பது

கூண்டுப் பணியாளர்களைத்தான் முதலில். அவர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு விலங்குக்குச் சுத்தம் செய்யவும் தீனி வைக்கவும் மட்டும் நாளைக்கு 15 நிமிடம் வேண்டும் என்பது அமெரிக்க விலங்குப் பராமரிப்பு அமைப்புகள் நெடுங்காலம் சொல்லிவந்த அளவு. 200 விலங்குகள் என்றால் 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளில் ஆறு பேருக்கு மேல் தேவை. உங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆறு பேர் வேலை வாங்கிவிட்டு "கொடூர ஊழியர்கள்" என்று படம் போட்டால், உள்ளே நடப்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளையும் இழந்துவிடுவீர்கள். ஊழியர் பெயரும் முகமும் எந்தப் பதிவிலும் வரக்கூடாது என்பதை எங்கள் குழு விதியாகவே வைத்திருந்தது. மீறியவர் ஒருவரை வெளியேற்றவும் செய்தோம். அவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

மீட்புக் குழுக்கள் தயங்கும். காப்பகத்தைப் பகைத்துக்கொண்டால் நாளை ஒரு நாயைக்கூட வெளியே எடுக்க விடமாட்டார்கள் என்ற பயம் நியாயமானது. அவர்களை மேடையேற்றாதீர்கள், தகவல் மட்டும் வாங்குங்கள். காப்பகத்தை விமர்சித்ததற்காக மீட்புக் குழுவை விலக்கக் கூடாது, அவர்கள் ஏற்கத் தயாராக இருக்கும் விலங்கைக் கொல்லக் கூடாது என்பதையே ஒரு கோரிக்கையாக்கலாம். கலிபோர்னியா 1998-இல் கொண்டுவந்த சட்டம், காப்பகம் கொல்ல இருக்கும் விலங்குகளைத் தகுதியுள்ள மீட்பு அமைப்புகள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்றது.

நாய்க்குப் பயப்படுகிறவர்களையும் கடிபட்டவர்களையும் எதிரியாக்காதீர்கள். தெருவில் தடுப்பூசி போட்ட, கருத்தடை செய்த நாய்கள்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் வேண்டியதே. எங்கள் கூட்டங்களில் மிக நன்றாகப் பேசியவர் நாயைக் கண்டால் தெரு மாறி நடக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் பேசும்போது "நாய்ப் பைத்தியங்கள்" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

குழு பெரிதாக இருக்கத் தேவையில்லை. பதிவேடு பார்க்க ஒருவர், நகர்மன்றக் கூட்டங்களுக்குப் போக ஒருவர், ஊடகத்தோடு பேச ஒருவர். வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் இருக்கட்டும், முடிவெடுப்பது அங்கே வேண்டாம். சைவம் அசைவம், இன நாய் நாட்டு நாய் என்று நள்ளிரவில் ஒரு சண்டை மூளும், காலையில் பாதிப் பேர் வெளியேறியிருப்பார்கள்.

நகர்மன்றத்தில்

பட்ஜெட் தயாராகும் மாதத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே பக்கம், பெரிய எழுத்து, மூன்று எண்கள், ஒரு கோரிக்கை, அதற்கான செலவு. அந்த உறுப்பினரின் பகுதியிலிருந்து எத்தனை விலங்குகள் காப்பகத்துக்கு வந்தன என்பதை, பிடிபட்ட இடத்தை வைத்துத் தனியே எண்ணிக் கொடுங்கள். வேறெதையும் படிக்காதவர்கள் அந்த வரியைப் படிப்பார்கள்.

டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் நடந்ததைப் படித்துப் பார்க்கலாம். 2005-இல் ரயன் கிளின்டன் என்ற வழக்கறிஞர் தொடங்கிய இயக்கம் நேராக நகர்மன்றத்தைக் குறிவைத்தது. 2010 மார்ச்சில் நகர்மன்றம் ஒருமனதாக ஒரு திட்டத்தை ஏற்றது. அதில் ஒரு அம்சம்: கூண்டு காலியாக இருக்கும்போது இடமில்லை என்று சொல்லிக் கொல்லக் கூடாது. இதை எதிர்த்து எந்த உறுப்பினர் எழுந்து பேச முடியும்? அடுத்த ஆண்டே உயிரோடு வெளியேறும் விகிதம் 90 சதவீதத்தைத் தாண்டியது. தீர்மானம் மட்டும் அதைச் செய்யவில்லை. கொல்லப்படும் பட்டியலில் இருந்தவற்றைத் தினமும் வெளியே எடுத்துப் போன, பார்வோ நாய்களுக்கும் பால்குடிக் குட்டிகளுக்கும் தனிப் பிரிவு நடத்திய ஒரு தன்னார்வ அமைப்பும் பக்கத்தில் இருந்தது.

"இவ்வளவு தெரிந்த நீங்களே நடத்துங்களேன்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கவனம். அமெரிக்காவில் விலங்கு நலச் சங்கத்தை 1866-இல் நிறுவிய ஹென்றி பெர்க், பிடித்த தெருநாய்களை அடைத்துக் கொல்லும் நியூயார்க் நகர நாய்ப்பட்டியை நடத்தும் பொறுப்பைக் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1894-இல் சங்கம் அதை ஏற்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நகரத்தின் கொலை வேலை அதன் தலையில் இருந்தது. போதிய பணமும் அதிகாரமும் எழுத்தில் இல்லாமல் பொறுப்பை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

புதிய ஆணையர் நல்லவர், பேசினால் கேட்கிறார் என்று மகிழ்ந்துபோய் விட்டுவிட வேண்டாம். மாற்றலாகிவிடுவார். சான் பிரான்சிஸ்கோவில் 1994-இல் நகர விலங்குத் துறையும் அந்த ஊர் விலங்கு நலச் சங்கமும் ஒப்பந்தமே போட்டன: தத்துக் கொடுக்கத் தகுதியான எந்த நாய், பூனைக்கு நகரக் காப்பகம் இடம் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் சங்கம் எடுத்துக்கொள்ளும். ஆட்கள் மாறினாலும் தாள் இருக்கும்.

தாளில் என்ன இருக்க வேண்டும்? என்ன செய்ய வேண்டும், யார், எந்தத் தேதிக்குள், பணம் எந்தத் தலைப்பிலிருந்து, அறிக்கை யாருக்கு எப்போது. பணத் தலைப்பு இல்லாத தீர்மானத்தை வெற்றி என்று கொண்டாடாதீர்கள். மேலே சொன்ன கலிபோர்னியாச் சட்டத்தின் சில பகுதிகளே பின்னாளில் மாநிலத்தின் நிதி நெருக்கடியில் நிறுத்தி வைக்கப்பட்டன.

தீர்மானம் வந்த பிறகும் பதிவேட்டைக் கேட்பதை நிறுத்தக் கூடாது. கொலை குறைந்து, வெளியே போவது கூடாவிட்டால், உள்ளே நாள் கணக்கு ஏறும். ஆஸ்டினே 2019-இல் இலக்கை 95 சதவீதமாக உயர்த்தியது. 2022-இல் அதே காப்பகம் இடமில்லாமல் புதிய விலங்குகளை எடுப்பதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. இதைக் காட்டி "பார்த்தீர்களா, இது நடக்காத காரியம்" என்பவர்கள் வருவார்கள். உங்கள் கையில் மாதவாரியாக நாள் கணக்கு இருந்தால், நெரிசல் எந்த மாதம் தொடங்கியது, அந்த மாதத்தில் என்ன மாறியது என்று காட்டலாம். எங்கள் காப்பகத்தில் இரண்டாவது ஆண்டு நாட்கள் மறுபடி ஏறின. தேடிப்பார்த்தால், மருத்துவர் ஒருவர் விலகியிருந்தார், இடம் நிரப்பப்படவில்லை. அந்தப் பணியிடத்துக்காக மட்டும் ஒரு மனு போட்டோம்.

மாதாந்திர எண்களை வாங்கிப் பதியும் வேலையை ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள். இரண்டு பேருக்காவது அந்தக் கோப்பின் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். மனுக்களின் பதிவு எண், அனுப்பிய தேதி, மேல்முறையீட்டுக் கெடு மூன்றையும் அதே கோப்பில் ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள்.